அசல் கவுன்ட்டர்

நான் பின்னறையில் உடைந்த நாற்காலிக் கால் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். முன்னால் எங்கள் பழஞ்சாமான் கடையில் என் மகள் யாரையோ திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் குரல் கேட்டது.

"மன்னிக்கணும்மா. உங்களுக்கு இங்க குடுக்கறதில்ல."

பசைக் கையோடு ஓடினேன். எங்கள் சபையைச் சேர்ந்த சிஸ்டர் பெர்னிஸ் பித்தளை மேசைவிளக்கு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்த விளக்கு கடைக்கு வந்த நாளிலிருந்து தலையைச் சாய்த்தால் எரியும், நிமிர்த்தினால் அணையும். அதை யார் தலையில் கட்டலாம் என்று நான் நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருபது டாலர்னு போட்டிருக்கு. இருபதும் தரேன்னுதானேடி சொல்றேன்," என்றாள் சிஸ்டர் பெர்னிஸ்.

"குடுக்கறதில்லம்மா," என்றாள் நைலா.

"இருபத்தஞ்சு."

"இல்லம்மா."

"முப்பது. அதுக்கு மேல வாயத் தொறந்தே, உங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்."

நைலா என்னைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று. "சரி, எடுத்துட்டுப் போங்க," என்றாள். சிஸ்டர் பெர்னிஸ் ஜெயித்த முகத்தோடு விளக்கைக் காரில் ஏற்றினாள். இத்தனை காலம் தொழில் செய்கிறேன், விலையை ஏற்றுவதற்கு இப்படி ஒரு வழி இருப்பது எனக்கே தெரியாது. மகளைத் தட்டிக்கொடுக்கலாம் என்று திரும்பினால் அவள் கண்ணில் தண்ணீர்.

"என்னால முடியலப்பா. நான் இல்லன்னு சொன்னா யாருமே நம்பமாட்டேங்கறாங்க."

எப்படி நம்புவார்கள்? என் தகப்பனார் ஜார்ஜியா முழுக்கச் சந்தை சந்தையாக லாரியின் பின்பக்கத்தில் சாமான் விற்றவர். நான் தவழ்ந்தது தார்ப்பாய்க்கு மேலே, பல் முளைக்கும்போது கடித்தது மரக்கட்டில் கால். எங்கள் குடும்பத்தில் 'இல்லை' என்ற சொல்லுக்கு 'இன்னும் கொஞ்சம் பேசுவோம்' என்றுதான் பொருள். கடவுளிடமே அப்படித்தான் இருக்கிறேன். எங்கள் சபையில் பிரசங்கம் முடிந்ததும் முன்னால் ஒரு காலி நாற்காலியைப் போடுவார்கள், பியானோ மெல்ல வாசிக்கும், மனம் இளகினவர் எழுந்து நடந்துபோய் அதில் உட்கார்ந்து சபையில் சேரலாம். என் மனைவி வெனிட்டா கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரத்தில் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள். நான் கூரையைப் பார்ப்பேன். சரக்கு நல்ல சரக்குதான், சந்தேகமில்லை. கேட்ட விலைக்கு உடனே தலையாட்டி எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

நைலா அழுததற்குக் காரணம் பள்ளிக்கூட நாடகம். எங்கள் வில்கோட் ஊரில் அந்தக் காலத்தில் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை இருந்தது. அதற்குள் காப்பியும் ரொட்டியும் கொடுக்கிற நீளக் கவுன்ட்டர். எங்களைப் போன்ற கறுப்பர்கள் மாத்திரை வாங்கலாம், பற்பசை வாங்கலாம், ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காப்பி கேட்கக் கூடாது. ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர் போய் உட்கார்ந்தார்கள். கொடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. அந்த நாலு பேரில் இன்று மிச்சமிருப்பவர் மிஸ் ஒஸெல்லா பெட்டிவே. அவர் வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்து, அவர் வாயால் கேட்டு, பிள்ளைகளே எழுதிய நாடகம் இது. நடத்துகிறவர் மிஸ்டர் ஹோல்ம். மினசோட்டாவிலிருந்து வந்த வெள்ளைக்கார வாத்தியார், நல்ல மனுஷர், மெதுவாகப் பேசுவார். அவர் ஊரில் நாடகம் பார்க்கிறவர்கள் இருமுவதென்றாலும் இடைவேளை வரை அடக்கிக்கொள்வார்களாம்.

ஸ்டூலில் உட்காருகிற நாலு வேஷத்துக்கு அடிதடி. கடை மேனேஜர் வேஷத்துக்கு ஆளில்லை. எங்களூர் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள். அதை ஏன் கட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை, வாசல் கல்லில் செதுக்கியிருக்கிற வருஷத்தைப் பார்த்தால் போதும், கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கவேண்டும் என்று கோர்ட்டு சொன்ன காலம். நாடக வகுப்பில் இருக்கிற ஒரே வெள்ளைப் பையன் வயட். "என் பாட்டி முன்வரிசைல உக்காருவாங்க சார், நான் லைட் போடறேன்," என்று நழுவிவிட்டான். அப்போதுதான் நைலா கையைத் தூக்கியிருக்கிறாள். கடையில் நிற்கிற வேஷம்தானே, எனக்குத் தெரியாததா என்று.

பிறகுதான் தெரிந்தது. ஒத்திகையில் அவள் 'இங்க குடுக்கறதில்ல' என்றால், பொறுங்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பது போலிருந்ததாம். ஸ்டூலில் இருந்த பிள்ளைகளே சிரித்துவிட்டார்கள்.

"சத்தம் போட்டுச் சொல்லேன். மேசையத் தட்டு," என்றேன் அன்று ராத்திரிச் சாப்பாட்டில்.

"அந்தாளு சத்தமே போடலியாம்ப்பா. மரியாதையா சொன்னானாம். மிஸ் ஒஸெல்லாவோட அம்மா சௌக்கியமான்னுகூட கேட்டானாம்."

"அப்ப மரியாதையா சொல்லு."

"நான் மரியாதையா சொன்னா வெலைய ஏத்திக் கேக்கறாங்க." அவள் தட்டில் கீரையைக் கிளறினாள். "கேலி பண்ணாதீங்கப்பா. நான் சொல்ற இல்ல தொளதொளன்னு இருந்தா அவங்க உக்காந்ததுக்கு என்ன அர்த்தம்? காப்பி ஆற வரைக்கும் காத்திருந்த மாதிரி ஆயிடும். முன்வரிசைல அவங்கள உக்கார வெச்சுட்டு, அவங்க வாழ்க்கைல பண்ணின பெரிய காரியத்த அவங்க கண்ணு முன்னாலயே நான் சின்னதாக்கிடுவேன்."

வெனிட்டா என்னை முறைத்தாள். நான் சோளரொட்டியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

நாடகத்துக்கான கவுன்ட்டர் நம் கடைச் சரக்கு. குரோமிய விளிம்பு, சிவப்பு மெத்தை வைத்த சுழல் ஸ்டூல்கள். அதன் விலைச்சீட்டில் 'அசல் கவுன்ட்டர், வில்கோட் மருந்துக்கடை' என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கும். நான் அதை வாங்கியது ஃபுளோரிடாவில் மூடப்போன ஒரு ஐஸ்கிரீம் கடையில். ஆனால் ஒரு கவுன்ட்டர் எங்கே பிறந்தது என்பதைவிட எங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. அது வந்து சேர்ந்தது வில்கோட்டில். அசல் என்பதிலும் பொய் இல்லை. அசலாகவே அது ஒரு கவுன்ட்டர்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தூக்கிப்போவதற்கு முன் ஒரு மத்தியானம், அட்லாண்டாவிலிருந்து கடற்கரைக்குப் போகிற ஒரு தம்பதி கடைக்குள் நுழைந்தார்கள். அந்த வகை வெள்ளைக்காரர்களைக் கார்க் கதவு மூடுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரியும். பழைய சாமானைத் தடவும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் பீரோவுக்குப் பின்னால் இருந்தேன், முந்திரிக்கொட்டை போல் முன்னே வரவில்லை, முதலில் பொருளோடு பழக விடவேண்டும். நைலா ஈரத்துணியால் கவுன்ட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா சீட்டைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். உள்ளங்கையைக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

"இதுதானா அது? டேவிட், இங்க வந்து பாரு. நம்ம சமையலறை ஜன்னல் பக்கம் அப்படியே பொருந்தும். காலைல காப்பி குடிக்கறதுக்கு." பிறகு நைலாவிடம், "போட்டிருக்கற வெலைக்கே எடுத்துக்கறோம்மா. பேரம்லாம் வேண்டாம்," என்றார்.

பேரம் வேண்டாம். என் காதில் பியானோ வாசித்தது.

நைலா துடைப்பதை நிறுத்தவில்லை. "மன்னிக்கணும்மா. உங்களுக்கு இங்க குடுக்கறதில்ல."

குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. வெளியே மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரல். அந்தம்மா சிரித்தபடி, "இல்ல, முழு வெலை தரோம்னு..." என்று ஆரம்பித்தார். நைலாவின் துணி அவர் கை வரைக்கும் வந்தது. கையை எடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. கட்டைவிரலைச் சுற்றி, ஒவ்வொரு விரலாகச் சுற்றி, மேலே படாமல், அங்கே கை என்று ஒன்று இல்லை, மரத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது என்பதுபோலத் துடைத்துக்கொண்டு போனாள். அந்தம்மா மறுபடி கேட்கவில்லை. விலையை ஏற்றவில்லை. காது மட்டும் சிவந்தது. கையைத் தன் பை மேல் வைத்துக்கொண்டு, எங்கே தப்புச் செய்தோம் என்று தெரியாத குழந்தை மாதிரி, கதவைப் பார்த்து நடந்தார். அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. அந்தத் தோலில் அதைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நான் வியாபாரி. பின்னாலேயே ஓடினேன். காருக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளை நாடக ஒத்திகையில் இருக்கிறாள், மனசில் வைக்காதீர்கள், வெள்ளிக்கிழமை கடற்கரையிலிருந்து திரும்பும்போது நாடகத்தையே வந்து பாருங்கள், முடிந்த கையோடு கவுன்ட்டர் உங்களுடையது என்று பேசிச் சமாதானம் பண்ணினேன். அந்தம்மாவுக்கு உடனே முகம் மலர்ந்துவிட்டது. ஒத்திகை என்று ஒரு விளக்கம் அவருக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை.

திரும்பி வந்தபோது நைலா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கவுன்ட்டர் மேல் ஈரம் பளபளத்தது. நடுவில் அந்தக் கையின் அளவுக்கு உலர்ந்த இடம்.

"வந்துடுச்சேடி," என்றேன்.

"ஆமா. சுலபமா இருந்துச்சுப்பா." அவளுக்குச் சந்தோஷமா, பயமா, எனக்குப் பிடிபடவில்லை. "கையப் பாக்காம இருந்தா போதும். மிச்சம் தானா வருது."

"அந்தம்மா மொகத்தப் பாத்தியா?"

"பாக்கலியே. அதானே சொல்றேன்."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் நிற்க இடமில்லை. எங்கள் சபை மொத்தமும் வந்திருந்தது, இரண்டு தெரு தள்ளி இருக்கிற மற்ற சபையும் நாம் என்ன குறைந்தா போய்விட்டோம் என்று வந்திருந்தது. சவ அடக்கக் கம்பெனி கொடுத்த அட்டை விசிறிகள் படபடத்தன. முன்வரிசையில் மிஸ் ஒஸெல்லா, ஊதா நிறத் தொப்பி. அந்தத் தொப்பிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் நாடகத்தைக் காதால்தான் பார்த்திருப்பார்கள். மூன்றாவது வரிசையில் நானும் வெனிட்டாவும். கடைசி வரிசையில் அட்லாண்டா தம்பதி, வெயிலில் சிவந்த மூக்கோடு. மேடையில் நம் கவுன்ட்டர். சீட்டை அவிழ்த்துவிடச் சொல்லி நைலா எத்தனையோ தடவை கேட்டிருந்தாள். நான் அதைக் கடைசி ஸ்டூலின் அடியில் தெரியாமல் தொங்கவிட்டிருந்தேன். ஊரே பார்க்கிற இடத்தில் சரக்கை நிறுத்திவிட்டு விலையை மறைக்கிறவன் என் தகப்பனாருக்குப் பிறந்திருக்க முடியாது.

மிஸ்டர் ஹோல்ம் எதிர்பார்த்தது அமைதி. எங்கள் ஜனங்களிடம் அதை யார் கேட்டாலும் கிடைக்காது. மேடையில் பேசினால் கீழே பதில் வரும், அது பிரசங்கமானாலும் சரி, பள்ளிக்கூட ஆண்டறிக்கையானாலும் சரி. நாலு பிள்ளைகளும் வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டது. "முதுக நேரா வெச்சுக்கடா," என்றது ஒரு குரல். "பயப்படாதே கண்ணு, நாங்க இருக்கோம்." நைலா கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டை கட்டிக்கொண்டு துணியோடு வந்தாள். முதல் பிள்ளை காப்பி கேட்டாள்.

"உங்கம்மா சௌக்கியமா?" என்றாள் நைலா. "மன்னிக்கணும். உங்களுக்கு இங்க குடுக்கறதில்ல."

"குடுடி அந்தப் புள்ளைக்கு," என்றாள் சிஸ்டர் பெர்னிஸ் பின்னாலிருந்து. "இவ இப்படித்தான். எங்கிட்டயும் இதேதான் சொன்னா."

சிரிப்பு. பக்கவாட்டில் மிஸ்டர் ஹோல்ம் கையால் முகத்தை மூடிக்கொண்டார். நைலா துடைக்க ஆரம்பித்தாள். ஒரு கை, அதைச் சுற்றி. இன்னொரு கை, அதையும் சுற்றி. நாலு பேர் கைகளும் கவுன்ட்டர் மேலேயே இருந்தன, அவள் பார்வை ஒன்றின்மேலும் விழவில்லை. சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. விசிறிகள் நின்றன. வெனிட்டா என் முழங்கையைப் பிடித்து, "ரூஸ்வெல்ட், யாரு அது?" என்று என்னைக் கேட்டாள், அவளைப் பெற்றவளே. முன்வரிசையில் ஊதாத் தொப்பி ஆடவே இல்லை.

கடைசிக் காட்சியில் போலீஸ் வேஷக்காரர்கள் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப்போனார்கள். நாலு ஸ்டூலும் காலி. விளக்கெல்லாம் மங்கி, கடைசி ஸ்டூல் மேல் மட்டும் ஒரு வெளிச்சம். நைலா தனியாகத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும், பியானோ நாலைந்து சுரம் வாசிக்க வேண்டும், வயட் மெல்ல இருட்டாக்க வேண்டும். வெறுமை தெரியவேண்டும் என்பது மிஸ்டர் ஹோல்மின் யோசனை. ஒத்திகை முழுக்கக் கைபேசியில்தான் இசை போட்டிருந்தார்கள். எங்கள் சபையின் பிரதர் லெமுவேல் பியானோ முன் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர் பார்த்தார். முன்னால் ஒரு காலி இருக்கை, அதன் மேல் வெளிச்சம், ஜனங்கள் நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கை தானாக ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது.

மிஸ் ஒஸெல்லா எழுந்தார்.

அவர் எழுந்ததும் ஓரத்திலிருந்து ஒரு பெண், சபையில் முன்னால் வருகிறவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப்போகிற ஊழியச் சிஸ்டர், பையில் எப்போதும் வைத்திருக்கிற வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் முழங்கையைத் தாங்கினாள். மேலே வயட்டின் கை விளக்குப் பொத்தானில் நின்றது. அவன் பாட்டி போகிற சபை வேறு, ஆனால் ஒருவர் நடந்துவரும்போது விளக்கை அணைக்கக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். மிஸ் ஒஸெல்லா படியேறி, கைப்பையைக் கவுன்ட்டர் மேல் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்தார்.

"காப்பி," என்றார். "ரெண்டு சக்கரை."

நாடகத்தில் நைலாவுக்கு இப்படி ஒரு கட்டமே இல்லை. கொடுத்துவிட்டால் ஊரே எழுந்து கைதட்டும், அது எனக்கே தெரிந்தது, கொடுத்துவிடு என்று கத்தவேண்டும்போல் இருந்தது. அவள் துணியை எடுத்தாள். அந்த வயதான கையைச் சுற்றி, மோதிரத்தைச் சுற்றி, பையைச் சுற்றித் துடைத்தாள்.

"மன்னிக்கணும்மா. உங்களுக்கு இங்க குடுக்கறதில்ல."

மண்டபத்தில் ஒரு முனகல் ஓடியது. மிஸ் ஒஸெல்லா தலையை ஒரு பக்கம் சாய்த்து, ருசி பார்க்கிற மாதிரி அதைக் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, சபைக்கு சாட்சி சொல்கிற குரலில், "அப்படியேதான்," என்றார். "வார்த்தை பிசகாம அப்படியேதான் சொன்னான்." முகம் முழுக்கச் சிரிப்பு. "சரிம்மா. எனக்கு அவசரமில்ல."

பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து உரித்தார். அந்தக் காகிதச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அது கேட்டதுதான் தாமதம், ஜனங்கள் எழுந்தார்கள். ஒருவர், இருவர், பிறகு வரிசையாக, மற்ற மூன்று ஸ்டூலும் நிறைந்து, அதற்குப் பின்னால் நின்று, படி வழியே இறங்கி, நடைபாதை நீளத்துக்கு. போலீஸ் வேஷம் போட்ட பிள்ளைகளும் வந்து நின்றார்கள். மிஸ்டர் ஹோல்மும். அட்லாண்டா அம்மா என் வரிசை ஓரமாக வந்து, "காப்பிக்கு இங்கதான் நிக்கணுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இங்க நின்னா கெடைக்காதும்மா," என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றார்.

காத்திருக்கிறவர்கள் கையில் கிடைத்ததைப் படிப்பார்கள். மிஸ் ஒஸெல்லாவின் கை ஸ்டூலுக்கு அடியில் போய் என் சீட்டைப் பிடித்தது. மூக்குக்கண்ணாடி வெளியே வந்தது.

"'அசல் கவுன்ட்டர்,'" என்று உரக்கப் படித்தார். "'வில்கோட் மருந்துக்கடை.'" விலையையும் படித்தார். மண்டபம் ஊய் என்றது. அவர் ஸ்டூலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நான் உக்காந்தது பச்ச ஸ்டூலு. அது சுத்தவும் சுத்தாது. இத நான் பொறந்ததுலேருந்து பாத்ததில்ல. ரூஸ்வெல்ட் டில்மன், இங்க வாப்பா நீ."

எழுந்தேன். வேறென்ன செய்வது. நான் நடைபாதையில் காலை வைத்ததும் பிரதர் லெமுவேல் திரும்பிப் பார்த்தார், இத்தனை வருஷமாக நகராத ஆள் நகருவதைக் கண்டார், பத்து விரலாலும் பியானோவில் இறங்கினார். "ஆமென்," என்றது ஒரு பக்கம். "வரான், வரான்," என்றது இன்னொரு பக்கம். வெள்ளைக் கையுறை ஒன்று என் முழங்கையைத் தாங்கியது.

"வெனிட்டா, இது அது இல்ல," என்று திரும்பிச் சொன்னேன்.

வெனிட்டா அழுதுகொண்டே சிரித்தாள், இல்லை சிரித்துக்கொண்டே அழுதாள். "பேசாம நட," என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் முதுகில் தட்டி வழிவிட்டார்கள். பச்சை ஸ்டூல் எங்கேடா என்றான் ஒருவன். சிஸ்டர் பெர்னிஸ், விளக்கு சாய்த்தால்தான் எரிகிறது என்று இந்தச் சந்தடியிலும் காதில் போட்டாள். நான் மேடையேறி, கவுன்ட்டர் முன் நின்று, பதில் சொல்லப்போகிறவன் செய்வதுபோல உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். "நைலா, நீயாவது சொல்லேன்," என்றேன்.

நைலா என்னைப் பார்க்கவில்லை. டை கோணிப்போயிருந்தது. பார்வை என் தோளைத் தாண்டி எங்கோ தூரத்தில் இருந்தது. உதட்டின் ஓரம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது, அதைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். துணி மெல்ல என் பக்கம் வந்தது. கட்டைவிரலைச் சுற்றியது, ஒவ்வொரு விரலாகச் சுற்றியது, எதன் மேலும் படாமல் தாண்டிப் போனது. மேலே வயட் இன்னும் விளக்கை அணைக்கவில்லை. கவுன்ட்டர் முழுக்க ஈரம் பளபளத்தது, என் கை இருந்த இடத்தைத் தவிர.